சிக்கலான மனவடுவோடு வருபவரைக் கவனிப்பது எப்படி? கொழும்பில் சுகாதார, பராமரிப்புப் பணியில் உள்ளவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

"எந்த ஊர்? கொழும்பில எங்க தங்கியிருக்கிறீங்க? எத்தனை நாளா? ஐடி இருக்கா?"

ஓபிடி (வெளிநோயாளர் பிரிவு) மேசையில் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை கேட்கும் கேள்விகள் இவை. இதே கேள்விகளைச் சோதனைச் சாவடியிலும், நள்ளிரவில் லொட்ஜ் கதவைத் தட்டியவர்களிடமிருந்தும் கேட்டவர்கள் இந்த நகரத்தில் ஏராளம். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்கு கிழக்குக்கு அனுப்பப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே அது நின்றது. அப்படியொரு இரவைக் கண்ட அம்மா ஒருவர் இன்று நீரிழிவுக்கு மருந்தெடுக்க வந்து உங்கள் மேசை முன்னால் நிற்கலாம். நீங்கள் கேட்பது பதிவுக்காக. அவருடைய உடம்புக்கு அது தெரியாது.

தாதியர், அற்றெண்டன்மார், வைத்தியர்கள், உளவளத்துணையாளர்கள், முதியோர் இல்லங்களிலும் வீடுகளிலும் பராமரிப்பு வேலை செய்பவர்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். மனவடுவைக் குணப்படுத்துவது நம்மில் பெரும்பாலானோரின் வேலை அல்ல. ஆனால் நாம் கேட்கும் விதம், தொடும் விதம், கதவைச் சாத்தும் விதம் ஆகியவற்றால் அந்த வடுவைக் கீறாமல் இருப்பது எல்லோருடைய வேலையும்தான். ஒருவரிடமிருந்து பலவந்தமாகப் பறிக்கப்பட்டது அவருடைய உடம்பின் மீதான அவருடைய அதிகாரம். அதைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுப்பதுதான் கீழே வரும் எல்லாப் படிகளின் நோக்கமும்.

படி 1: எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவாக இருங்கள்

ஒரு விபத்து, ஒரு குண்டுவெடிப்பு, அதன் பிறகு வரும் கெட்ட கனவும் திடுக்கிடலும் ஒரு வகை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில், தப்பிப்போக வழியில்லாத இடத்தில், பெரும்பாலும் இன்னொரு மனிதரின் கையால் நடந்த கொடுமை விட்டுச்செல்வது இன்னொரு வகை. இதைத்தான் சிக்கலான மனவடு என்கிறோம். இந்த வேறுபாட்டை அமெரிக்க உளமருத்துவர் ஜூடித் ஹேர்மன் 1992இல் தெளிவாக முன்வைத்தார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் இது தனி நோய்நிலையாக இடம்பிடிக்க, 11ஆம் பதிப்பு நடைமுறைக்கு வந்த 2022 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நடந்தது இப்போதுதான் நடப்பதுபோல் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் எல்லாவற்றையும் தவிர்ப்பது, எப்போதும் ஆபத்து சூழ்ந்திருப்பதாக உணர்வது ஆகிய மூன்றும் இரண்டு வகைக்கும் பொது. சிக்கலான மனவடுவில் இன்னும் மூன்று சேர்கின்றன. கோபமோ அழுகையோ கட்டுக்கடங்காமல் வரும், அல்லது எதுவுமே உறைக்காமல் மரத்துப்போகும். "நான் ஒண்டுக்கும் உதவாதவள்", "எல்லாம் என்ர பிழைதான்" என்ற எண்ணம் அடிமனதில் ஊறியிருக்கும். யாரோடும் நெருங்கவோ நெருக்கத்தைத் தக்கவைக்கவோ முடியாமல் இருக்கும்.

கொழும்பில் இது யாரிடம் இருக்கலாம்? 1983 ஜூலையில் சிறுபிள்ளையாக ஓடியவர், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பத்தவர், 2009 மே வரை வன்னியில் இடம் மாறி மாறிப் பதுங்கு குழியில் கிடந்தவர், தடுப்பில் சித்திரவதைப்பட்டவர், காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவி அல்லது தாய். போரோடு நிறுத்திவிடாதீர்கள். மலையகத் தோட்டத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு வயதில் கொழும்பு வீடொன்றுக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளை, வளைகுடா நாட்டு வீடொன்றில் கடவுச்சீட்டைப் பறிகொடுத்து அடைபட்டிருந்துவிட்டு வந்த பெண், வெள்ளவத்தை ஃபிளாட்டில் இருபது வருடமாகக் கணவனின் அடியைப் பொறுத்திருப்பவர், சொந்த வீட்டிலேயே துஷ்பிரயோகத்துக்கு உள்ளான பையன் எல்லோரும் இதற்குள் வருவார்கள்.

இவற்றை அனுபவித்த எல்லோருக்கும் நோய் வரும் என்றில்லை. நோயறிவது மனநல வைத்தியரின் பொறுப்பு. யாருடைய முகத்தைப் பார்த்தும் கதையை ஊகிக்க நமக்குத் தேவையில்லை. எல்லோரையும் இதே கவனத்தோடு நடத்தினால் போதும், ஊகிக்கவே வேண்டாம்.

படி 2: அது எந்த வடிவில் வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

"எனக்கு மனவடு" என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. தலை விறைப்பு, நெஞ்சுப் பாரம், உடம்பெல்லாம் எரிவு, நித்திரை இல்லை, வயிற்றுக்குள் ஏதோ பிசையுது என்றுதான் வருவார்கள். ஸ்கான், இரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கும். "உங்களுக்கு ஒண்டும் இல்லை" என்று அனுப்பிவிடுவோம். அந்த ஒரு வசனம் செய்யும் கெடுதி பெரிது. நோவு உண்மை. காரணம் ரிப்போர்ட்டில் தெரியவில்லை, அவ்வளவுதான். "பரிசோதனையில பயப்படுற மாதிரி ஒண்டும் இல்லை. ஆனா உங்களுக்கு நோகுது எண்டது எனக்கு விளங்குது. கன காலமா மனசிலயும் உடம்பிலயும் கஷ்டம் இருந்தா இப்பிடி வாறது உண்டு" என்று சொல்ல அரை நிமிடம் போதும்.

கிளினிக்கைத் தவறவிடுபவர், பல் பிடுங்க வந்து கதிரையிலிருந்து எழுந்து ஓடுபவர், சின்ன விஷயத்துக்குக் கத்துபவர் ஆகியோரைச் "சொல் கேளாத பேஷன்ட்" என்று எழுதிவிடுகிறோம். நம் கண்ணில் படவே படாத இன்னொருவர் இருக்கிறார். சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், எதையும் கேட்கமாட்டார், ஊசி போடும்போது முகத்தில் அசைவே இருக்காது. நல்ல நோயாளர் என்று வாட்டில் பெயர் எடுப்பார். எதிர்த்தால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட உடம்பு அப்படித்தான் அடங்கிப்போகும். அவருடைய தலையாட்டலைச் சம்மதமாக எடுக்காதீர்கள். "நான் சொன்னதில உங்களுக்கு விருப்பமில்லாதது எது?" என்று கேளுங்கள். "சரியா?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் வரும்.

படி 3: மேசையையும் அறையையும் சரிசெய்யுங்கள்

கேள்வியைக் கேட்கும் முன் காரணத்தைச் சொல்லுங்கள். "கிளினிக் திகதி மாறினா அறிவிக்கத்தான் அட்ரஸ் கேக்கிறன்" என்று சொன்னால் அதே கேள்வி வேறு கேள்வியாகிவிடும். தேவையில்லாத கேள்வியை விட்டுவிடுங்கள். மருந்துத் துண்டுக்குச் சொந்த ஊர் எதற்கு?

குடும்ப நிலையைக் கேட்கும் இடத்தில் மிகுந்த கவனம் வேண்டும். திருமணமானவர், விதவை என்று இரண்டு பெட்டிகள் மட்டும் இருக்கும் படிவத்தில் காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவி எதைக் காட்டுவார்? அவருடைய நெற்றியில் பொட்டு இருக்கிறது, கழுத்தில் தாலி இருக்கிறது, வருடங்கள் ஓடிவிட்டன. இறப்புச் சான்றிதழ் எடுக்க மனமில்லாத குடும்பங்களுக்காக, ஆள் காணப்படவில்லை என்பதைப் பதிவுசெய்யும் சான்றிதழொன்று 2016 முதல் நம் சட்டத்திலேயே இருக்கிறது. சட்டமே ஏற்றுக்கொண்ட நிலையை நம் படிவமும் ஏற்கட்டும். "அவசரத்துக்கு யாருக்குச் சொல்ல வேணும்?" என்று கேட்டால் நமக்குத் தேவையான தகவல் கிடைத்துவிடும். "அவர் இனி வரமாட்டார், மனசைத் தேற்றுங்கோ" என்று எவரும், எந்தச் சூழலிலும் சொல்ல வேண்டாம்.

அறையில் நோயாளரின் கதிரையிலிருந்து கதவு தெரிய வேண்டும், கதவுக்கும் அவருக்கும் நடுவில் நீங்கள் நிற்கக் கூடாது. கதவைச் சாத்தும் முன் கேளுங்கள். அறைக்குள் யார் யார் இருக்கிறார்கள், ஏன் என்று சொல்லுங்கள். மாணவர்கள் பத்துப் பேர் கட்டிலைச் சூழ்ந்து நிற்பது போதனா வைத்தியசாலைகளில் வழக்கம். அதற்கு மறுப்புச் சொல்லலாம் என்பதை மாணவர்கள் வரும் முன்பே நோயாளரிடம் சொல்லிவையுங்கள், அவர்கள் முன்னிலையில் கேட்காதீர்கள். வாசலில் சீருடையில் நிற்கும் பாதுகாப்பு ஊழியருக்கும் இந்தப் பயிற்சி வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நோயாளர் முதலில் சந்திப்பது அவரைத்தான், பையைத் திறக்கச் சொல்வதும் அவர்தான்.

படி 4: மொழி

சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகள். இருந்தாலும் கொழும்பு வாட்டுகளில் தமிழ் மட்டுமே தெரிந்தவர் பாதி விளங்கியும் விளங்காமலும்தான் கையெழுத்து வைக்கிறார். உங்களுக்குத் தமிழ் தெரியுமென்றால் உங்களைத்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அந்த வேலையை ஒழுங்காகச் செய்ய இரண்டு விதிகள் போதும். பிள்ளையையோ கணவனையோ மாமியையோ மொழிபெயர்க்க விடாதீர்கள். எட்டு வயது மகள், அம்மாவுக்கு நடந்ததைத் தன் வாயால் டொக்டருக்குச் சொல்லக்கூடிய நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடாது. அடுத்தது, "நான் மொழிபெயர்க்க மட்டும்தான் வந்திருக்கிறன். இங்க கேக்கிறதை வெளிய கதைக்க மாட்டன்" என்று முதலிலேயே சொல்லுங்கள். சித்திரவதைக்கு உள்ளானவர்களில் சிலர் அங்கே தமிழ் பேசிய ஒருவர் மூலமாகத்தான் விசாரிக்கப்பட்டார்கள். உங்கள் தமிழ் அவர்களுக்கு ஆறுதல் தரும் என்று எடுத்த எடுப்பில் நம்பிவிடாதீர்கள்.

படி 5: தொடும் முன்

இந்தப் படியில்தான் நான் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன். தவறு நடப்பதும், சுலபமாகத் திருத்தக்கூடியதும் இங்கேதான்.

ஈசிஜி அறையை நினைத்துப் பாருங்கள். மேற்சட்டையைக் கழற்றச் சொல்கிறோம். மல்லாக்கப் படுக்கவைக்கிறோம். இரண்டு மணிக்கட்டிலும் இரண்டு கணுக்காலிலும் கிளிப் மாட்டுகிறோம். நெஞ்சில் குளிரான ஜெல் பூசிக் குமிழ்களை ஒட்டுகிறோம். எல்லாவற்றிலிருந்தும் வயர்கள் ஒரு மெஷினுக்குப் போகின்றன. "அசையாமப் படுங்க" என்கிறோம். மின்சாரம் பாய்ச்சிச் சித்திரவதை செய்யப்பட்ட ஒருவருக்கு இது எப்படியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. "இந்த மெஷின் உங்கட நெஞ்சில இருந்து வாறதை எழுதும். மெஷின்ல இருந்து உங்களுக்கு ஒண்டும் வராது. கரண்ட் அடிக்காது. ரெண்டு நிமிஷத்தில முடிஞ்சிரும்" என்று மாட்டும் முன்பே சொல்லுங்கள். கிளிப்பைக் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்க விடுங்கள்.

ஒக்சிஜன் மாஸ்க்கும் அப்படித்தான். தலையில் பொலித்தீன் பையைக் கட்டி மூச்சை அடைப்பது இந்நாட்டில் பதிவாகியுள்ள சித்திரவதை முறை. மாஸ்க்கைப் பிடுங்கி எறிபவரை அதட்டாமல், அவரே தன் கையால் முகத்தருகே பிடிக்க விடுங்கள். வைத்தியர் சம்மதித்தால் மூக்குக் குழாயைப் பயன்படுத்துங்கள்.

பிரஷர் பட்டி, ஊசி, பல், மகப்பேற்றுப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் ஒரே ஒழுங்கு. என்ன செய்யப்போகிறேன், ஏன், எவ்வளவு நேரம், எப்படியிருக்கும் என்று சொல்வது. சம்மதம் கேட்பது. நிறுத்தும் அடையாளத்தைப் பேசி வைப்பது. "கையை உயர்த்தினா நான் உடன நிறுத்துவன்" என்று சொன்னால், கை உயர்ந்ததும் நிறுத்தித்தான் ஆக வேண்டும். "இந்தா முடியுது, கொஞ்சம் பொறுங்க" என்றால் எல்லாம் வீண். நடுவில் நிறுத்த முடியாத வேலை என்றால் அதையும் முன்பே சொல்லுங்கள். யோனிப் பரிசோதனையின்போது பெண் ஊழியர் ஒருவர் இருக்க வேண்டும், அவசரம் இல்லையென்றால் இன்னொரு நாளைக்கு வைக்கலாம் என்ற தெரிவும் இருக்க வேண்டும். உடுப்பைப் பார்க்க வேண்டிய பக்கம் மட்டும் விலக்குங்கள், மற்றப் பக்கம் மூடியே இருக்கட்டும். "ரிலாக்ஸ் பண்ணுங்க", "காலை அகட்டுங்க" போன்ற கட்டளைகளை அவர் வேறெங்கோ வேறெவரிடமோ கேட்டிருக்கலாம்.

எக்ஸ்ரேக்கோ ஒப்பரேஷனுக்கோ தாலியைக் கழற்றச் சொல்லும் போதும் நிதானம் வேண்டும். கணவன் எங்கே என்றே தெரியாத பெண்ணுக்கு அது வெறும் நகை அல்ல. கழற்றத்தான் வேண்டுமா என்று பொறுப்பானவரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். கழற்ற வேண்டியிருந்தால் காரணத்தைச் சொல்லி, அவரே கழற்ற விட்டு, அவர் காட்டும் ஆளின் கையில் கொடுங்கள். தட்டில் போட்டு மேசைக்கு மேல் வைக்காதீர்கள்.

படி 6: உறைந்துபோனால், அல்லது பழைய இடத்துக்குப் போய்விட்டால்

கண் ஒரே இடத்தில் வெறித்து நிற்கும். கூப்பிட்டால் பதில் வராது. அல்லது உடம்பு நடுங்கி, மூச்சு வேகமாகி, சுவரோடு ஒட்டிக்கொள்வார். நீங்கள் யார் என்று அந்த நேரத்தில் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

முதலில் கையை எடுத்துவிட்டு ஓரடி பின்னால் போங்கள். அவரைவிட உயரமாக நிற்காமல் உட்காருங்கள். சூழ நிற்பவர்களை வெளியே அனுப்புங்கள். ஒரே ஆள், தாழ்ந்த குரலில், சின்னச் சின்ன வசனமாகப் பேசட்டும். "அக்கா, நான் இங்க வேலை செய்யிற நேர்ஸ். நீங்க கொழும்பில, ஆஸ்பத்திரியில இருக்கிறீங்க. இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை. இப்ப உங்களை ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை." சொல்லிவிட்டுப் பொறுங்கள். திரும்பச் சொல்லுங்கள். பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்லலாம், கட்டில் விளிம்பைப் பிடிக்கச் சொல்லலாம், அறையில் நீல நிறத்தில் என்னென்ன இருக்கிறது என்று கேட்கலாம். கண்ணை மூடச் சொல்லாதீர்கள், மூடினால் பழைய காட்சிதான் தெரியும். மூச்சைக் கவனிக்கச் சொன்னால் சிலருக்குப் பதற்றம் கூடிவிடும், அப்போது கால்களுக்கே திரும்புங்கள்.

நம் ஊரில் பழக்கத்தில் இருக்கும் மூன்று விஷயங்களை இந்த நேரத்தில் அறவே விட வேண்டும். முகத்தில் தண்ணீர் தெளிப்பது, கன்னத்தில் தட்டுவது, நடிக்கிறாரா என்று பார்க்க நெஞ்செலும்பில் அழுத்திக் கிள்ளுவது. கையைக் காலைப் பிடித்து அமத்துவது, அவருடைய அல்லது மற்றவருடைய உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் மட்டும்.

அதேவேளை எல்லாவற்றையும் மனவடு என்று முடிவுகட்டாதீர்கள். சீனி குறைந்திருக்கலாம், வலிப்பாக இருக்கலாம், பழைய தலைக்காயம் இருக்கலாம். என்ன செய்கிறீர்கள் என்று சொல்லிக்கொண்டே, தாமதிக்காமல் அவற்றையும் பாருங்கள். தன்னிலைக்கு வந்தவர் வெட்கப்படுவார், மன்னிப்புக் கேட்பார். "இது வாறது. உங்கட பிழை இல்லை" என்பது போதும். என்ன கண்டீர்கள் என்று அப்போது கேட்க வேண்டாம்.

படி 7: அவர் சொல்லத் தொடங்கினால்

கிளறாதீர்கள், தடுக்கவும் செய்யாதீர்கள். கொடுமையைக் கண்டவரை உட்காரவைத்து நடந்ததை ஒரே அமர்வில் விலாவாரியாகச் சொல்லவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. அவர் சொல்லுமளவு கேளுங்கள். ஆரம்பத்திலேயே எதை இரகசியமாக வைக்க முடியும், எதை முடியாது என்று சொல்லிவிடுங்கள். உயிருக்கு ஆபத்து, பிள்ளைக்கு ஆபத்து என்றால் பொறுப்பானவருக்குச் சொல்ல வேண்டிவரும். சொல்லி முடித்த பிறகு இதை அறிவித்தால் அது துரோகமாகத்தான் படும்.

"ஏன் அப்பவே சொல்லேல்ல?", "ஏன் விட்டிட்டு வரேல்ல?", "எல்லாம் விதி" ஆகிய மூன்றும் வேண்டாம். "இதைச் சொல்ல எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும். சொன்னதுக்கு நன்றி. உங்களுக்கு நடந்தது பிழை. இப்ப நான் என்ன செய்தா உதவியா இருக்கும்?" என்று கேளுங்கள். தேவாரம், தொழுகை, மாதா கோயில் மெழுகுதிரி, நூல் கட்டுவது என்று அவருக்குத் தாங்குகோலாக இருப்பதை மதியுங்கள். அவர் கொண்டுவராத கடவுளை நீங்கள் கொண்டுவராதீர்கள்.

வீட்டில் அடி வாங்குகிறாரோ என்ற சந்தேகம் இருந்தால் தனியாக இருக்கும்போது மட்டும் கேளுங்கள். கூட வந்தவரை "இந்தத் துண்டைக் கவுன்டரில குடுத்திட்டு வாங்க" என்று அனுப்பலாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் 12 மாதம் வரையான பாதுகாப்புக் கட்டளை பெறலாம் என்பதை அறிந்து சொல்லுங்கள். முறைப்பாடு செய்வதா இல்லையா என்ற முடிவு அவருடையது.

கிளினிக் கொப்பி வீட்டுக்குப் போகும், மற்றவர் கண்ணில் படும். அதில் கதையை எழுதாதீர்கள். "தொடும் முன் சொல்லவும், கதவைத் திறந்து வைக்கவும், பெண் ஊழியர் வேண்டும்" என்பதுபோல அடுத்தவருக்குத் தேவையானதை மட்டும், அவரிடம் காட்டி, சம்மதம் கேட்டு எழுதுங்கள். பத்துப் பேரிடம் பத்துத் தடவை கதை சொல்ல வேண்டிய கொடுமை இதனால் குறையும்.

படி 8: அடுத்த இடத்துக்குக் கைமாற்றுவது

முதலில் உயிராபத்து. "சாக வேணும் எண்டு யோசினை வாறதா?" என்று நேரடியாகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. தற்கொலை முயற்சி 1998 முதல் இலங்கையில் குற்றம் அல்ல. பொலிஸுக்குப் பயந்து மறைப்பவருக்கு இதைச் சொல்லுங்கள். உடனடி ஆபத்தென்றால் தனியே விடாமல், 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம், 1333 உளவளத்துணை இலக்கம், பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929 ஆகியவற்றை மேசையில் எழுதி ஒட்டுங்கள். மனக்கஷ்டத்தில் இருப்பவர்களுக்குக் காதுகொடுக்கும் தொண்டு அமைப்பான சுமித்ரயோ ஹோட்டன் பிளேஸில் இருக்கிறது. அரச வைத்தியசாலைகள் பலவற்றில் மிதுரு பியச என்ற நட்பு நிலையங்கள் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்காக இயங்குகின்றன. தேசிய மனநல நிறுவகம் இருக்கும் "அங்கொடை" என்ற பெயரைக் கேட்டதுமே பயந்து வராமல் விடுபவர்கள் உண்டு. அவர்களுக்குப் பொது வைத்தியசாலைகளிலுள்ள மனநலக் கிளினிக்குகள் சுலபமான வழி. இலக்கத்தைக் கையில் கொடுத்து அனுப்புவதைவிட, அவர் முன்னாலேயே அழைத்து, அங்கே தமிழ் பேசுபவர் எந்த நாளில் இருக்கிறார் என்று கேட்டுக் கொடுப்பது எத்தனையோ மடங்கு பயன் தரும்.

சிகிச்சை உண்டு என்பதை நம்பிக்கையோடு சொல்லுங்கள். மனவடுவை மையப்படுத்திய உளச்சிகிச்சைகள் பலருக்குப் பலன் தருகின்றன. ஹேர்மன் காட்டிய பாதை பாதுகாப்பு, நினைவுகூர்ந்து துயர்ப்படுதல், வாழ்வோடு மீண்டும் இணைதல் என்ற மூன்று கட்டங்களைக் கொண்டது. முதற் கட்டத்தை எவ்வளவு நீட்டுவது என்பதில் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அந்த முதற் கட்டம் தொடங்குவது நம் மேசையிலும் நம் கட்டிலருகிலும்தான். டயசெபாம் போன்ற மாத்திரைகளை நித்திரைக்கென்று தானாக வாங்கிப் போடுபவர்களிடம் அது வடுவை ஆற்றாது, பழக்கமாகிவிடும் என்று சொல்லுங்கள். நீண்ட காலம் போட்டவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து, வைத்தியரோடு பேசித்தான் குறைக்க வேண்டும்.

படி 9: உங்களை விட்டுவிடாதீர்கள்

இந்த வேலையைச் செய்யும் நம்மில் பலர் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அல்ல. அதே பதுங்கு குழியில் இருந்த தாதி, அதே ஜூலையில் ஒளிந்திருந்த வைத்தியர், 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு அன்று கொச்சிக்கடைத் தேவாலயத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்களைத் தூக்கிய அற்றெண்டன். நோயாளரின் கதை உங்கள் கதையைத் தொட்டுவிட்டால் அது பலவீனம் அல்ல. ஒருவரின் கதையைக் கேட்ட பிறகு நித்திரை குழம்புவது, வேலைக்கு வர மனமில்லாமல் போவது, எரிந்து விழுவது, எதுவும் உறைக்காமல் போவது எல்லாம் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

பொறுப்பில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது: தமிழ் தெரிந்த ஒரே தாதியிடம் எல்லாக் கடினமான உரையாடலையும் சுமத்தாதீர்கள். அதை வேலையாகக் கணக்கெடுத்து, ரோஸ்டரில் நேரம் ஒதுக்குங்கள். பாரமான கேஸுக்குப் பிறகு பத்து நிமிடம் பிளேன்டி குடிக்க விடுங்கள். வாரம் ஒரு முறை, கதவைச் சாத்திக்கொண்டு, எது கஷ்டமாக இருந்தது என்று பேச இடம் கொடுங்கள். அங்கே பேசப்படுவது எவருடைய வருடாந்த மதிப்பீட்டுக்கும் போகாது என்று வாக்குக் கொடுத்து, அதைக் காப்பாற்றுங்கள். 1926 இலக்கம் ஊழியர்களுக்கும்தான் என்று நேர்ஸிங் அறைச் சுவரிலும் ஒரு தாள் ஒட்டுங்கள்.